சிப் எழுதி முடியும்வரை

உங்கள் காவல் நிலையத் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலகத்தில் இயந்திரம் ஊற்றும் காப்பிதான். வருஷக்கணக்கில் அதைக் குடித்து நாக்கு செத்துவிட்டது.

அமேமியாமீது எனக்குக் கோபம் இல்லை. விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதியே ஒசாகாவில் என் வயதெல்லாம் போயிற்று. அவன் பிறகு வந்தவன், பக்கத்து மேசை. என் நண்டு விளையாட்டில் எதிரிகள் எல்லாம் நேராக வந்து மோதும். அவன் அவற்றில் ஒன்றை மட்டும் பயந்து பின்வாங்க வைத்தான். அவ்வளவுதான், ஆட வந்தவர்கள் அந்த இயந்திரத்தை விட்டு நகரவில்லை. எங்கள் தலைவர் ஒகினோ எல்லார் முன்னாலும், "ஹிராகா, இத்தன வருஷமா நீ என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தோக்கியோ கண்காட்சிக்குப் போகவேண்டிய விளையாட்டை ஒரு கருவி சிப்பில் எழுதிக்கொண்டிருந்தது. அமேமியா நாற்காலியிலிருந்து சரிந்தான். வீட்டுக்கே போகாமல் மேசைக்கடியில் படுத்து எழுந்தவன். நாங்கள் எல்லாருமே அப்படித்தான்.

"அண்ணே, நெஞ்சு அடைக்குது. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கண்ணே."

"கொஞ்சம் பொறுடா. சிப் எழுதிட்டிருக்கு. ஆளுங்க உள்ள வந்து ஒயரத் தட்டிட்டா எல்லாம் போச்சு."

"ஆமா... அதுவும் சரிதான்" என்றான். வேலை தெரிந்தவன், ஐயா. என் கோட்டை மடித்து அவன் தலைக்குக் கொடுத்தேன்.

எழுதி முடிந்தது. சிப்பை இயந்திரத்தில் பொருத்திக் ஆட்டம் முடிந்ததும் வரும் கடைசித் திரையைச் சரிபார்த்தேன். யாருக்கும் சொல்லாமல் அமேமியா அங்கே இரண்டு பெயர்களைச் சேர்த்திருந்தான். முதலில் ஹிராகா, அடுத்து அமேமியா. போட்டி நிறுவனங்கள் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் நிறுவனம் திரையில் எவர் பெயரையும் போட விடுவதில்லை. விதி எனக்கும் பிடித்ததல்ல. ஆனாலும் விதிதானே?

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவன் என் கால்சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் பெயரை அழித்துவிட்டு இன்னொரு சிப் எழுதவிட்டேன். அதற்கும் அதே நேரம் பிடித்தது. முடிவதற்கு முன்பே அந்தக் கை தானாக விழுந்துவிட்டது.

என் பெயரையும் அழித்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நேரமில்லை, ஐயா. ஆம்புலன்ஸை அவசரமாகக் கூப்பிட வேண்டியிருந்தது.