பதினோராவது கட்டில்

என் நண்பனின் மச்சானுக்கு நடந்ததாகத்தான் இதை எல்லோரிடமும் சொல்வேன். கிட்ட வந்து உட்காருங்கள்... இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மச்சான் நான்தான்.

இரவு இரண்டு மணி. ஊரைத் தாண்டி ஒற்றைச் சாலை. அது முடிகிற இடத்தில், விடுமுறைக்கு நாங்கள் எடுத்திருந்த வீடு. நல்ல மழை. ஒரே பெரிய அறையில் பத்துப் பேர் படுத்திருந்தோம், எல்லோரும் ஒரே அலுவலகம். கட்டில் மட்டும் பதினொன்று.

வேன் ஓட்டி வந்த டிரைவரிடம் எங்கள் சூப்பர்வைசர் சாயங்காலமே சொல்லிவிட்டார்.

"கட்டில் பத்துதாண்ணே இருக்கு. நீங்க வண்டியிலயே படுத்துக்குங்க."

மற்ற ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். மிச்சமிருந்த கட்டிலில் பைகளைக் குவித்தோம்.

டொக்... டொக்... டொக்...

கதவிடுக்கு வழியாக ஈரச் சாக்கு வாடை வந்தது. வெளியே ஒரு குரல், நடுங்கி நடுங்கி...

"ரொம்பக் குளுருது... ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்..."

டிரைவர்தான் என்று நினைத்தேன். திறந்தால் அந்தக் கட்டிலைப் பார்த்துவிடுவாரே! கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் சூப்பர்வைசர் குறட்டை விட்டார். அதுவரை இல்லாத குறட்டை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா?

மூன்று தடவை தட்டினார். பிறகு சேற்றில் காலடி... சளக்... சளக்... வேன் கதவை இழுக்கிற சத்தம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் நாக்குக் கூசுகிறது.

காலையில் டிரைவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கள்ல யாருங்க அது? ராத்திரி தொப்பலா நனைஞ்சு வந்தாரே... என் போர்வையக் கொடுத்து பின் சீட்ல படுக்க வச்சேன். விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம்."

ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டோம். பத்துப் பேரும் இருந்தோம். இரவு யாருமே வெளியே போகவில்லை. பின் சீட்டில் போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

சூப்பர்வைசர் அந்தப் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்.

"அவரு... ஏதாவது சொன்னாராண்ணே?"

டிரைவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியைப் பிழிந்தார்.

"உள்ள ஒரு கட்டில் சும்மாத்தான் கெடக்கு, பத்துப் பேரும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்கன்னாருங்க."