பஸ்ஸுல கேட்ட அமெரிக்கா சண்ட

"நல்ல வேளப்பா, அந்த சமாதானப் பேச்சு தோத்துப் போச்சு!"

ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா போற பஸ்ஸு. எனக்கு முன் சீட்டுல ஒரு ஸ்கூல் புள்ள, பக்கத்துல அதோட அப்பா. அன்னைக்கு அதுக்கு சரித்திரப் பரீட்சையாம். சமாதானம் தோத்ததுக்கு யாராச்சும் சந்தோசப்படுவாங்களா? வெத்தலைய மெல்லுறத நிப்பாட்டிட்டு காத நீட்டிட்டேன்.

"அமெரிக்காவுலப்பா. அடிமைங்கள வச்சிருந்தவங்க நாட்ட விட்டு பிரியப் பாத்தாங்க. 'பிரியாதீங்க, அடிமைங்கள நீங்களே வச்சுக்கலாம்னு சட்டத்துல எழுதித் தர்றோம்'னு மத்தவங்க சொல்லிப் பாத்தாங்க. ஒத்து வரல. சண்ட வந்துச்சு, கடைசில அடிமைங்களுக்கு விடுதல கெடச்சுச்சு."

"அந்த அடிமைங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

"என்னைய நீங்க கேட்டீங்களா? நீங்க ரிட்டயரானாலும் தோட்டம் குடுத்த லயத்து வீடு நம்மகிட்ட இருக்கணும்னு, நான் படிப்ப விட்டு தேயிலத் தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியணும்னு நேத்து பெரியப்பாவோட பேசி முடிச்சீங்களே!"

மனுசன் புள்ள பக்கம் திரும்பி ஒக்காந்தாரு.

"சரி, இப்ப கேக்குறேன். ஒனக்கு என்னம்மா வேணும்?"

"கம்பஸ் போகணும், பட்டம் படிக்கணும்."

ஒடனே போன எடுத்தாரு. "அண்ணே, நேத்து பேசுனது வேணாம். பாப்பா படிக்கட்டும். ரிட்டயர் எடுக்காம நானே இன்னும் கொஞ்ச வருசம் வேலைக்குப் போறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க."

"தேங்க்ஸ்ப்பா"ன்னு புள்ள தேம்புச்சு.

"மொதல்ல பரீட்சைய எழுது. மூக்கத் தொடச்சுக்க."

யாரு பெத்த புள்ளையோ, எனக்கே விடுதல கெடச்ச மாதிரி இருந்துச்சு. பின் சீட்டுல நானும் மூக்கத் தொடச்சுக்கிட்டேன்.