விதைக் கட்டியின் இன்னொரு வகை

முன்பக்கத்தில் எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது முப்பத்தொன்பது. கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் வேலை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தடுப்பை உடைத்தது பற்றி ஸ்டேஷனில் போலீஸ் ஐயா கேட்டதில், யாருடைய கட்டாயமும் இல்லாமல் நான் சொல்வது என்னவென்றால்:

என் தம்பி லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. வலது விதையில் வலியே இல்லாமல் கட்டி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு பொண்டாட்டியிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறான். கழுதை, என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அதன் பிறகு முதுகு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில் விதையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர், இதில் பெரும்பாலும் இரண்டு வகை, செமினோமா என்பது கதிர்வீச்சுக்கே அடங்கும், மற்றது வேகமாகப் பரவும், கடுமையான மருந்து ஏற்ற வேண்டும், இது பார்வைக்கு செமினோமா மாதிரி இருக்கிறது என்று சொன்னார். நான் உடனே அம்மாவுக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் போன் போட்டு, "சாதுவான வகைதானாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு ரிப்போர்ட் வாங்கப் போனபோது, ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா கையெழுத்துப் போட மறுத்தார். "ஸ்லைடுல பாத்தது செமினோமாதான். ஆனா ரத்தத்துல ஒரு புரதம் ஏறியிருக்கு. வெறும் செமினோமான்னா அது ஏறாது. வேற வகை எங்கயோ ஒளிஞ்சிருக்கு, மீதிக் கட்டியையும் வெட்டிப் பாக்கணும்" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கண்ணால பாத்தாச்சுல்ல, அப்புறம் என்ன ஆனா? போடுங்க கையெழுத்தை!" என்று கத்தி, அங்கே கிடந்த ஸ்டூலைத் தூக்கித் தடுப்பில் அடித்தேன். டாக்டரம்மாவின் முழங்கையில் கண்ணாடி கீறி ரத்தம் வந்தது. அவர் நகரவில்லை. "இந்தக் கட்டடத்தையே இடிச்சாலும் போட மாட்டேன்" என்றார். அதன் பிறகு காவலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

ரிப்போர்ட் தாமதமான கோபத்தில் உடைத்ததாகப் புகாரில் உள்ளது. அது சரியில்லை. வீட்டில் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பயத்தில்தான் அடித்தேன்.

மீதியை வெட்டிப் பார்த்ததில், ஓரத்தில் மிளகு அளவுக்கு அந்த வேகமான வகை இருந்ததாகத் தம்பி பொண்டாட்டி இன்று வந்து சொன்னாள். கதிர்வீச்சு வேண்டாமென்று நாளை மருந்து ஏற்றுகிறார்கள். பிழைக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறதாம்.

டாக்டரம்மா என் சத்தத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டிருந்தால், நான் சந்தோஷமாக அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என் தம்பியை நானே கொன்றிருப்பேன்.

எழுதியதை ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(கையொப்பம்)