துடக்கு கழியட்டும் என்று

பஸ்ஸின் பின்பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு அன்ரி. எதிரில் நித்திரையான ஒரு வெள்ளைக்காரர். பிறகு நான். சென் ஜேம்ஸ் ரவுண் நிறுத்தம் தாண்டியதும் குழந்தை அழுதது.

“முந்தி இவன் அழுதால் நான் குளியலறைக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருப்பன், அன்ரி,” என்றாள் தாய். “அழுகை கேக்காது.”

அன்ரி தாயின் பக்கம் திரும்பினார்.

“எங்களுக்குக் கேட்டது, பிள்ளை. அடுத்த வீடுதானே.”

“அப்ப ஏன் வரேல்லை?”

“பிள்ளை பிறந்த வீடு, துடக்கு, தீட்டெல்லே. நான் கோயில் விரதம் பிடிச்சுக்கொண்டிருந்தனான். முப்பத்தொரு நாளும் கழியட்டும் எண்டு இருந்திட்டன்.”

“கழிஞ்ச அண்டைக்கு வந்தியள்தான். பிள்ளைக்குக் காப்புப் போட்டியள். வடையும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினியள்.”

“சொல்லு, சொல்லு. எனக்கு வேணும்.”

“அம்மா ஊரிலை. இவருக்கு ரெண்டு வேலை. முன்வீட்டு ஜமேக்கா மனிசிதான் கதவைத் தட்டினவ. பிள்ளையை வாங்கிக்கொண்டு, என்னைப் போய்ப் படு எண்டவ. பிறகு ஒவ்வொரு நாளும் வந்தவ. அதுக்குப் பிறகுதான் நான் இவனைத் தூக்கிக் கொஞ்சினனான்.”

அன்ரி கையை நீட்டிக் குழந்தையை வாங்கினார். அது இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தது.

“அவவுக்குத் துடக்குத் தெரியாது,” என்றார்.

“தெரியாதது நல்லதாப் போச்சு. எங்கடை மாடியிலை தமிழ் ஆக்கள் எத்தினை வீடு, அன்ரி?”

“என்ரை வீட்டையும் சேர்த்தோ?”

“ஓம், சேர்த்துத்தான்.”

அன்ரி விரல்விட்டு எண்ணினார்.

“ஒம்பது.”