கடைசிப் பக்கத்தில் செத்தவள்

"இன்னாத்துக்குடி என்னைச் சாவடிச்ச?"

கும்மிடிப்பூண்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் இப்படி ஒரு கேள்வி வந்தால் யாரால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கேட்டவர், காசிமேட்டில் வாங்கிய மீன்கூடையோடு கதவோரம் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா. எதிரே நின்ற இளம்பெண் அவரைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறாள் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

"கதைதானேக்கா..."

"ஆத்துல கரண்டு கம்பெனிக்காரன் சாம்பத் தண்ணி வுட்டு மீனு செத்துச்சின்னு எழுதின. நெஜம். கடைசில நானும் இருமி இருமிச் செத்துட்டேன்னு கீது. நான் இங்க குந்திகினு கீறேன்."

"நீ செத்தாதான்க்கா படிக்கிறவங்க அழுவாங்க."

"அழுதுட்டு? பொஸ்தகத்த மூடிட்டுப் படுத்துப்பாங்க. ஆபீசரு கார மறிச்சி நான் கேட்டேனே, அதுல ஒரு வார்த்த எழுதினியா? அந்தக் கதை பூரா நான் வாயே தொறக்கல. நாளைக்குக் கம்பெனி வாசலாண்ட மறியலுக்கு யாரு போய்க் குந்துறது? நீ எழுதின பொணமா?"

பெட்டியில் யாரோ சிரித்தார்கள். மீன்காரம்மா சிரிக்கவில்லை.

எண்ணூர் வந்தது. நிறைந்த கூடையை ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. "ஒரு கை புடி" என்றார். கதை எழுதியவள் பையைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து தூக்கினாள். மீன் தண்ணீர் அவள் சட்டையில் வழிந்தது.

"முடிவ மாத்தி எழுதுறேன்க்கா."

"மொதல்ல நாளைக்கு அங்க வந்து என் பக்கத்துல குந்து. அப்பால எழுது."