ஸ-வுக்குக் கீழே ஐந்து

— என்ன வில்லியம், நான் வந்ததும் நோட்ட மூடுறீங்க? காதல் கடிதமா?

— அம்பத்தேழு வயசுல என் லெட்டர யாரு வாங்குவா? ஸ ரி க ம தான் லீனா. நம்ம நடாஷாவுக்குப் பிடிச்ச அந்தப் படத்து தீம் மியூசிக்.

— நடாஷா மண்டபத்துக்குள்ள வர்றப்ப வாசிக்கிறேன்னீங்களே, அதா? கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு.

— எட்டு மாசம் சரியா இருக்கும்.

— முதல்ல பாசாருக்குப் போங்க, மீன் முடிஞ்சிரும். தேங்காப்பாலு ஒரு பாக்கெட்.

— ரெண்டு வாங்கவா?

— ஒண்ணு போதும் லா. ஹெல்மெட்!

*

— சிரிக்காதீங்க நாதன். அவரு பாசார்ல விழுந்து போய்ச் சேந்து எட்டு மாசம் ஆகப்போகுது. நான் இந்த கீபோர்ட தொட்டதே போன வாரந்தான்.

— தாசேக் கெலுகோர்லருந்து மோட்டார ஃபெர்ரில ஏத்திக்கிட்டு ஜார்ஜ் டவுன் வர்றது சிரிக்கவா அண்ணி? இருமுனேன் லா. வாசிங்க.

— ஸ...

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இப்ப ரி. நாலு எண்ணுங்க.

— இது பாட்டா? ஸ்டார்ட் ஆகாத பஸ் மாதிரி இருக்கு. படத்துல அந்த ஸ கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள போயிரும்.

— அண்ணன் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழயும் நம்பர் போட்டிருக்காரே. நான் தபேலாக்காரன், நம்பரப் பாத்தா எண்ணத்தான் தெரியும். சர்ச் கொயர்ல இருபது வருஷம் அவரு பின்னால உக்காந்து தட்டுனவன். காரணம் இல்லாம எழுத மாட்டாரு.

— சனிக்கிழமை கல்யாணம். நேத்து நடாஷா சொல்றா, "முடியலன்னா பரவால்ல மம்மி, போன்ல போட்டுக்கலாம்." சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல, ஃப்ரிட்ஜப் பாத்துச் சொல்றா.

— போன்ல போட்டாத்தான் என்ன அண்ணி?

— அப்பா வாசிக்கிறேன்னு சொன்னத போன் வாசிச்சா, அவ நடந்து வர்றப்ப யாரப் பாப்பா?

— அந்த நோட்ட குடுங்க. அண்ணி, இதுல ஆறு எங்க?

— எந்த ஆறு?

— ரெண்டு பக்கமும் தேடிட்டேன். அஞ்சுக்கு மேல நம்பரே இல்ல. தாளமா இருந்தா எங்கயாவது ஒரு எட்டு வராதா? ஐயோ... விரலு அண்ணி! கட்டவிரலு ஒண்ணு, சுண்டுவிரலு அஞ்சு. புதுசா கத்துக்கற பிள்ளைங்களுக்கு இப்படித்தான் எழுதிக் குடுப்பாரு.

— ஒரு வாரமா என்னை எண்ண வச்சீங்களே! உங்க தலையில இந்த நோட்டாலயே ஒண்ணு போடணும்.

— அப்புறமா போடுங்க. ஸ-வுல சுண்டுவிரல வைங்க. ரி-யில அடுத்த விரலு.

— வச்சுட்டேன். ரி வலது பக்கம் இருக்கு, விரலு இடது பக்கம் இருக்கு. கை முறுக்கிக்குது நாதன். அவரு தப்பா எழுதிட்டாரா?

— அண்ணனா? இந்த மியூசிக்க தூக்கத்துலயே வாசிப்பாரு. அவருக்கு எதுக்கு விரலு நம்பரு... இருங்க. அந்தக் கைய எடுங்க. இடது கைய வைங்க.

— நல்ல காரியத்துக்கு இடது கையாலயா தொடங்குறது?

— ஒரே ஒரு தடவ அண்ணி.

— ஸ... ரி, க, ம, ப... நாதன்!

— கேட்டேன், கேட்டேன். நிறுத்தாதீங்க, மறுபடி.

— ஸ ரி க ம ப... ம க, ம...

— அந்தப் படந்தான். அதேதான்! வலது கையில ஒரு வாரமா வராதது, இதுல எப்படி இப்படி ஓடுது? அண்ணி, நீங்க இடது கைக்காரங்களா?

— ஏழு வயசுலயே எங்கம்மா அடிச்சு மாத்திட்டாங்க. பீச்சாங்கைக்காரிய யாரு கட்டுவான்னு. எழுதறது, சாப்பிடறது, ஒருத்தருக்கு ஒண்ணு நீட்டறது, எல்லாமே சோத்துக் கைதான். வெக்கப்பட்டு இவருகிட்டகூட சொன்னதில்ல. இருபத்தேழு வருஷம்.

— பின்ன உங்களுக்குன்னு இடது கைக்கு எழுத அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

— வெங்காயம் நறுக்கறப்ப மட்டும், கத்தி இன்னமும் இந்தக் கைக்குத்தான் போகும்.