தீவு பாஸ்போர்ட்

அமெரிக்காவில், லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஒரு சின்னத் தீவு நாடு பாஸ்போர்ட் விக்குதாம். அப்ளை பண்ணலாமா?"

"ஏங்க, நாடு எதுக்குப் பாஸ்போர்ட்டை விக்கணும்?"

"கடன்ல முழுகிடுச்சு. பேங்க்கெல்லாம் மூடிட்டாங்க. ஏடிஎம் வாசல்ல ஜனங்க நாள் பூரா நிக்கறாங்களாம்."

"அந்தப் பாஸ்போர்ட் இருந்தா நமக்கு கிரீன் கார்டு சீக்கிரம் வந்துடுமா?"

"வராது. செக் பண்ணிட்டேன். எங்க பொறந்தோம்னுதான் பாப்பாங்களாம்."

"அப்புறம் எதுக்கு?"

வரிசை ஓரடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

"பதினாலு வருஷமா இங்க கிரீன் கார்டுக்கு நிக்கறோம். நம்மள உடனே வான்னு சொல்ற நாடு அது ஒண்ணுதான்."